சாண எரிவாயுவும் எரிபொருள் கலமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: சாண எரிவாயுக் குழாயை ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தோடு நேரே இணைத்தால் மின்சாரம் கிடைக்கும்.

உண்மை: கிடைக்காது. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரம் உருவாக்கிய 'சக்தி சுரபி' போன்ற கலன்களால் நாஞ்சில் நாட்டுக்குச் சாண எரிவாயுவும் சமையல் கழிவு எரிவாயுவும் பழகியவை. அதனாலேயே, அடுப்பில் எரிவது கலத்திலும் ஓடும் என்ற பேச்சு எத்தனை முறை மறுத்தாலும் அடங்குவதில்லை. அடுப்பு வாயுவை எரிக்கிறது. எரிபொருள் கலமோ ஹைட்ரஜனை எரிக்காமல், ஆக்சிஜனோடு மின்வேதி வினையில் சேர்த்து மின்சாரம் தருகிறது. சாண எரிவாயுவில் பெரும்பங்கு மீத்தேனும் கரியமில வாயுவுமே ஆகும். மீத்தேனை நீராவியோடு கலந்து சூடான நிக்கல் வினையூக்கியின் மேல் செலுத்தினால்தான் ஹைட்ரஜன் பிரியும், உடன் கார்பன் மோனாக்சைடும் பிறக்கும். ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸில் இயங்கும் சவ்வுக் கலத்தில் இந்த மோனாக்சைடு பிளாட்டினத் துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டு ஹைட்ரஜனுக்கு இடம் விடாமல் தடுப்பதால், பத்து லட்சத்தில் 10 பங்கு இருந்தாலே மின்னழுத்தம் சரிகிறது. வாகனக் கலங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 14687 தரம் மோனாக்சைடைப் பத்து லட்சத்தில் 0.2 பங்குக்குள்ளும், கந்தகத்தை 0.004 பங்குக்குள்ளும் நிறுத்துகிறது. பிளாட்டினத்தோடு ருத்தேனியம் சேர்ப்பதும், எரிவாயுவில் சிறிதளவு காற்றைக் கலந்து மோனாக்சைடை ஆக்சிஜனேற்றுவதும், பாஸ்பாரிக் அமிலச் சவ்வோடு 160 டிகிரிக்கு மேல் இயக்குவதும் நச்சைத் தாங்கும் திறனைக் கூட்டுமே தவிர, சுத்திகரிப்புக்கு மாற்றாகா.

நம்பிக்கை: எல்லா மாசும் நஞ்சு.

உண்மை: நைட்ரஜன் நஞ்சன்று, அது ஹைட்ரஜனை நீர்க்கச் செய்து கலத்தில் தேங்குவதால், அவ்வப்போது வெளியேற்றும் வால்வு போதும்.

நம்பிக்கை: உயர்வெப்பத் திண்ம ஆக்சைடு கலம் எதையும் ஏற்கும்.

உண்மை: அதற்குக் கார்பன் மோனாக்சைடு எரிபொருளே, ஆனால் சாண எரிவாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு அதன் நிக்கல் மின்முனையைக் கெடுக்கும் என்பதால், இரும்பு ஆக்சைடு நிரப்பிய வடிகட்டியால் அதை முதலில் நீக்கியாக வேண்டும்.

நம்பிக்கை: இத்தொழில்நுட்பம் நமக்கு எட்டாதது.

உண்மை: திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் கலம், 2024 ஜனவரி 1இல் ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி-58 ராக்கெட்டின் போயம்-3 மேடையில் 180 வாட் தந்தது. கலன்களில் நிரப்பிய ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமே அதை இயக்கின.

முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளின் மின்சாரத்தால் நீரைப் பகுத்துப் பெறும் ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடும் கந்தகமும் இரா. ஈரத்தையும் சிறிதளவு ஆக்சிஜனையும் நீக்கினால் போதும் என்பதால், கன்னியாகுமரி மாவட்டத்தின் முயற்சி முதலில் அங்கேயே திரும்ப வேண்டும். சாண எரிவாயுவை அடுப்புக்கு விட்டுவிடுவதே நலம். கலம்தான் வேண்டும் என்போர், வாயுவின் கந்தக அளவும் கார்பன் மோனாக்சைடு அளவும் காட்டும் ஆய்வு முடிவைக் கையில் வாங்கிய பிறகே பணம் கட்ட வேண்டும்.