பேல் உடுப்பு வாங்கும்போது விலையைக் கடைசியில் கேளுங்கள்



சம்பளம் எடுத்த ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போனால், பேல் உடுப்புக் கடையை எட்டிப் பார்க்காமல் வருகிறவர்கள் நம்மில் குறைவு. வெளிநாடுகளில் உடுத்திக் கழித்த உடுப்புகளைக் கட்டாக இறுக்கிக் கப்பலில் அனுப்புகிறார்கள். அந்தக் கட்டுக்குத்தான் பேல் என்று பெயர். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிருக்கு ஏற்ற தடித்த சுவெட்டர், ஜெக்கட் எல்லாம் புதிதாக வாங்குவது நமக்குக் கஷ்டம். அதனால் பேல் உடுப்பு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாங்கி வந்து லயத்துக் கொடியில் போட்டுவிட்டு யாரும் உடுத்தாமல் விடுகிறோமே, அதுதான் நஷ்டம்.

ஏன் அப்படி ஆகிறது? குவியலுக்கு முன்னால் நின்றதும் நாம் முதலில் கேட்பது "எவ்வளவு?" என்றுதான். "மூன்று எடுத்தால் ஆயிரம்" என்று சொன்னதும் கை தானாகப் போகிறது. தேவை ஒன்று, வீட்டுக்கு வருவது மூன்று. ஆகவே இந்தப் பாடத்தைச் சுருக்கமாகச் சொன்னால்: முதலில் தேவை, இரண்டாவது அளவு, மூன்றாவது துணி, கடைசியில் விலை.

1. தேவை

வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். யாருக்கு, என்ன, எத்தனை என்று ஒரு துண்டுக் கடதாசியில் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். பாடசாலைச் சீருடைத் துணி இலவசமாகக் கொடுக்கும் திட்டம் 1993இல் தொடங்கியது. ஆனால் அதன் மேல் போடுற சுவெட்டரை நாம்தான் பார்க்க வேண்டும். ஜனவரிக் குளிரில் சுவெட்டர் இல்லாத பிள்ளை காலையில் எழும்பவே மறுக்கும். பாடசாலையில் எந்த நிறத்துக்கு அனுமதி என்று முதலில் கேட்டுக் கொள்ளுங்கள். பூப்போட்ட சிவப்புச் சுவெட்டர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வகுப்புக்குப் போட்டுப் போக முடியாவிட்டால் பயனில்லை.

2. அளவு

கழுத்தில் தைத்திருக்கும் அளவை நம்பாதீங்க. அது ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி. பிள்ளைக்குச் சரியாக இருக்கும் ஒரு சட்டையைத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை ஒரு கயிற்றால் அளந்து முடிச்சுப் போடுங்கள். தோளுக்கு ஒரு முடிச்சு, கை நீளத்துக்கு ஒரு முடிச்சு. சுவெட்டர் சட்டைக்கு மேல் போடுவது, ஆகவே அகலத்தில் இரண்டு விரல் கூட இருக்கட்டும். கை நீளமாக இருந்தால் மடித்து விடலாம், குட்டையாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

3. துணி

வெளிச்சம் இருக்கும்போதே போங்கள். மாலையில் விளக்கு வெளிச்சத்தில் கறை தெரியாது. தையல் விட்டிருந்தால் வீட்டில் தைக்கலாம், துணியே நைந்திருந்தால் தைத்தாலும் நிற்காது. இதை நினைவில் வையுங்கள்.

உடுப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முழங்கை, அக்குள், கால்சட்டையின் பின்பக்கம் ஆகிய இடங்களைப் பாருங்கள். சல்லடை போலத் தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

சிப்பை மூன்று முறை ஏற்றி இறக்குங்கள். இலாஸ்டிக்கை இழுத்து விடுங்கள், திரும்பிச் சுருங்க வேண்டும்.

ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் மற்ற உடுப்புகளையும் கெடுக்கும். பூஞ்சணத்தின் கறுப்புப் புள்ளி லேசில் போகாது.

நைலோன், பொலியெஸ்டர், அக்ரிலிக் துணி நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். விறகு அடுப்புக்குப் பக்கத்தில் வேலை செய்யும்போது இவற்றைப் போடாதீங்க. உள்ளே இருக்கும் லேபலைப் பிள்ளை வாசித்துச் சொல்லும். சின்னப் பிள்ளைகளின் ஜெக்கட்டில் கழுத்துக் கயிறு இருந்தால் உருவி எடுத்துவிடுங்கள். எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

4. விலை

இப்போது கேளுங்கள். சிப் உடைந்த ஜெக்கட் 400 ரூபா, சிப் மாற்ற 300 ரூபா என்று வைத்துக் கொள்வோம். அதன் விலை 700. பக்கத்தில் நல்ல ஜெக்கட் 600க்கு இருந்தால் எது மலிவு? அதே போல, ஆயிரம் ரூபாவுக்கு மூன்று எடுத்து ஒன்றைத்தான் உடுத்த முடிந்தால் அந்த ஒன்றின் விலை ஆயிரம். இது எத்தனை நாள் பேர் என்று மனதில் கணக்குப் போடுங்கள். மழையில் நனைந்து, அட்டை கடித்துச் சம்பாதித்த காசு. "திருப்பித் தரலாமா?" என்றும் கேட்டு வையுங்கள். பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

துவைக்காமல் ஒருவரும் போடக் கூடாது. சொறி சிரங்குப் பூச்சி துணியிலும் வரலாம். 50 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் 10 நிமிடம் இருந்தால் அந்தப் பூச்சியும் முட்டையும் சாகும். ஆகவே பருத்தித் துணியைக் கொதிநீரில் ஊற வைத்துத் துவையுங்கள். கம்பளிச் சுவெட்டரைச் சுடுநீரில் போட்டால் சுருங்கிவிடும். அதைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு கிழமை வைத்து, பிறகு பச்சைத் தண்ணீரில் துவைத்துக் காய வையுங்கள்.

இந்தக் கிழமைக்குப் பயிற்சி

கொடியிலும் பெட்டியிலும் உள்ள பேல் உடுப்புகளை எடுத்து, ஆறு மாதமாக யாரும் போடாதவற்றை எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லுங்கள்: தேவையில்லையா, அளவில்லையா, துணி சரியில்லையா? அந்தக் காரணம்தான் அடுத்த முறை கடையில் உங்களுக்கு எச்சரிக்கை. நல்லதாக இருப்பதைத் துவைத்து, அடுத்த காம்பராப் பிள்ளைக்கு அளவாக இருந்தால் கொடுத்துவிடுங்கள். குளிர்காலத்தில் அது ஒரு பிள்ளையின் உடம்பில் இருக்கட்டும்.