இயந்திர எண்ணெயின் பாகுத்தன்மை

தாமிரவருணி கடலொடு கலக்கும் புன்னைக்காயல் போன்ற ஊர்களில் வள்ளங்களை இந்நாளில் இயந்திரங்களே செலுத்துகின்றன. நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிடின் மீனவர் உயிர்க்கே இடராம். ஆதலின் டீசல் இயந்திரத்தைத் தேயாது காக்கும் எண்ணெயின் இயல்பை ஈண்டு ஆராய்வாம்.

நீர்மம் ஒழுகுங்கால் தன் ஓட்டத்தைத் தானே தடுக்கும் இயல்பு பாகுத்தன்மை எனப்படும். தேன் நீரினும் மெல்ல ஒழுகுவது இதனாலேயாம். எண்ணெய் மிக இளகின் உலோகங்களுக்கு இடைநிற்கும் படலம் அறுந்து உறுப்புக்கள் உரசித் தேயும். மிகத் தடிப்பின் புறப்படுங்காலத்து எல்லா உறுப்பையும் விரைந்து எய்தாது.

வெப்பம் ஏறுந்தோறும் பாகுத்தன்மை குறையும். 15டபிள்யூ-40 எனக் குறித்த எண்ணெய், 40 டிகிரி செல்சியஸில் 100 சென்டிஸ்டோக்கிற்குச் சற்று மேற்பட்டிருந்து, 100 டிகிரியில் ஏறத்தாழ 14-க்கு இறங்கும். இம்மாற்றத்தை அளத்தற்கு டீன், டேவிஸ் என்னும் இருவர் 1929-இல் பாகுநிலைக் குறியெண்ணை வகுத்தனர். குறியெண் உயர மாற்றங் குறையும்.

வழக்கமான எண்ணெய் கச்சா எண்ணெயினின்று வடித்தெடுப்பது. சென்னை மணலி ஆலையிலும் இதற்குரிய அடிப்படை எண்ணெய் ஆக்கப்படுகின்றது. பல வடிவுடைய மூலக்கூறுகளும் சிறிது மெழுகும் இதன்கண் உள. குறியெண் 100-ஐ ஒட்டியது. செயற்கை எண்ணெய்களுள் பாலி ஆல்பா ஒலிபின் என்பது எத்திலீனை முதலாகக் கொண்டு, ஒத்த பாங்குடைய மூலக்கூறுகளாகக் கட்டப்படுவது, மெழுகற்றது, குறியெண் 120-க்கு மேற்பட்டது.

கரையில் விரலிடைத் தேய்த்து, "செயற்கை எண்ணெய் நீர்த்தது" என்பார் உளர். அது பொருந்தாது. பின்னெண் 40 ஆயின் இருவகையும் 100 டிகிரியில் 12.5-க்குக் குறையாமலும் 16.3-ஐ எட்டாமலும் இருத்தல் வேண்டும். 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிப்பது; பனி உறையாத நம் கடற்கரைக்கு அந்நலன் பெரிதன்று. ஆயினும் வழக்கமான எண்ணெயிற் பாகு காத்தற்குச் சேர்க்கும் நெடுமூலக்கூறுகள் இயந்திரத்தின் நெரிப்பால் நாளடைவில் துண்டுபடும். இலேசான பகுதி வெப்பத்தால் ஆவியாம். செயற்கை எண்ணெயில் இவ்விரு குறையும் சிறிதே. ஆதலின் அது நெடிது நிலைக்கும்; விலையும் மிகும்.

எதனை வாங்கினும் இயந்திரம் செய்தோர் விதித்த எண்ணையே தேர்ந்து, குறித்த மணிக்கணக்கில் மாற்றுக. எண்ணை மாற்றி வாங்கின் உயர்ந்த விலையும் பயன்படாது. மணவாளனை எதிர்கொள்ளச் சென்ற கன்னியருள் புத்தியுள்ளோர் எண்ணெயை முன்னரே ஆயத்தம் செய்தனர் என நற்செய்தி நூலிற் கற்றோம். கடலிற் செல்வார்க்கும் அம்முன்னறிவு கரையிலேயே வேண்டும்.