உப்புக் காற்றில் ஸ்கேனர்

கேள்வி: தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கார், டிரெய்லர் இரண்டும் வருகின்றன. எந்த ஸ்கேனர் வாங்கலாம்?

பதில்: கார் 12 வோல்ட், லாரி 24 வோல்ட். இரண்டையும் தாங்கும் கருவியாகப் பாருங்கள், பிராண்டு அப்புறம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 டீசல் லாரிகளுக்கு எரர் கோட் படித்து அழித்தால் மட்டும் போதாது, டிபிஎஃப் ரீஜெனரேஷனையும் ஸ்கேனரிலிருந்தே ஓடவிட வேண்டும். உங்கள் ஷெட்டில் நிற்கும் வண்டியிலேயே விற்பவரைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். அப்டேட் கட்டணத்தை எழுதி வாங்குங்கள்.

ஸ்கேனர் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். உப்பளப் பக்கம் ஓடும் லாரிகளில் கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருக்கும்; ஸ்கேனரோ சென்சார் மேல் பழி போடும். புது சென்சாருக்குக் காசு வாங்குமுன் கனெக்டரைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.