ரிசீவர் அணைகிறது, பவர் ஆம்ப் வாங்கலாமா?

கேள்வி: ஹாலில் 5.1 ஹோம் தியேட்டர் வைத்திருக்கிறேன். சேனலுக்கு 100 வாட் என்று போட்ட ஏவி ரிசீவர். முன்பக்கத்துக்கு 4 ஓம் டவர் ஸ்பீக்கர்கள் வாங்கியதிலிருந்து, சண்டைக் காட்சிகளில் வால்யூமைக் கூட்டினால் ரிசீவர் தானாக அணைந்துவிடுகிறது. தனியாக 200 வாட் பவர் ஆம்ப் போட்டால் சத்தம் இரட்டிப்பாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா சார்?
- வாசகர், கோவை

பதில்: சத்தம் இரட்டிப்பாகாது. வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். அதற்கு உங்கள் 100 வாட் 1000 வாட்டாக வேண்டும். கடைக்காரர் இந்தக் கணக்கைச் சொல்லமாட்டார்!

ஆனாலும் உங்களுக்கு பவர் ஆம்ப் தேவைப்படலாம். பெட்டியில் போட்ட 100 வாட், பெரும்பாலும் இரண்டு சேனலை மட்டும், அதுவும் 8 ஓமில் ஓட்டி அளந்தது. ஐந்தும் சேர்ந்து முழங்கும்போது ஒரே டிரான்ஸ்ஃபார்மர் அத்தனைக்கும் கரண்ட் கொடுக்க வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கரோ அதே வால்யூமில் இரு மடங்கு கரண்டை இழுக்கும். சூடேறியதும் பாதுகாப்பு சர்க்யூட் செட்டை அணைத்துவிடுகிறது.

பணம் செலவழிக்குமுன் இரண்டைப் பாருங்கள். ஸ்பீக்கர் ஒயரின் பிசிறு பக்கத்து முனையைத் தொட்டாலும் செட் இப்படித்தான் அணையும். அடுத்து, ரிசீவர் மெனுவில் முன்பக்க ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று வைத்து கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவாருங்கள். டவரைப் போய் 'ஸ்மால்' என்பதா என்று தயங்க வேண்டாம். அதிகச் சக்தி தின்னும் ஆழ்ந்த பேஸ், சொந்த ஆம்ப் உள்ள சப்வூஃபருக்குப் போய்விடும். பலருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால் 4 ஓமுக்குத் தாங்கும் இரண்டு சேனல் பவர் ஆம்ப் போதும். ரிசீவரின் பின்னால் 'ப்ரீ அவுட்', அதாவது வெளி ஆம்புக்குச் சிக்னல் தரும் சாக்கெட், இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அதன் இடது வலதிலிருந்து ஆர்சிஏ கேபிள் ஆம்புக்கு. டவர்களின் ஒயர் இனி ஆம்பில். சென்டரும் சரவுண்டும் ரிசீவரிலேயே இருக்கட்டும். வால்யூமையும் அதுவே கவனித்துக்கொள்ளும். பிறகு மைக்கை வைத்து ஆட்டோ செட்டப்பை மறுபடி ஓட்டுங்கள்; ஆம்பின் கெயின் வேறாக இருக்கலாம் என்பதால், ஓட்டாவிட்டால் முன்பக்கம் மட்டும் தூக்கலாகவோ தணிந்தோ கேட்கலாம். போடும்போது ரிசீவர் முதலில், அணைக்கும்போது ஆம்ப் முதலில்.

'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் இரண்டு பிளக்கையும் ஒரே போர்டில் செருகிப் பாருங்கள். கேபிள் டிவி ஒயரையும் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் அதுதான் காரணம். எர்த் பின்னை மட்டும் உடைத்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

ப்ரீ அவுட் இல்லையா? ஸ்பீக்கர் அவுட்டை நேராக ஆம்பின் ஆர்சிஏவில் கொடுக்கவே கூடாது. அதற்கென்று விற்கும் கன்வெர்ட்டரைத் தேடி அலையவும் வேண்டாம். ரிசீவரின் சுமை குறைந்தாலும் அதன் பவர் ஸ்டேஜைத் தாண்டி வந்த சிக்னல்தான் கிடைக்கும். ப்ரீ அவுட் உள்ள ரிசீவராக மாற்றுவதே நல்லது.