மழைக்காலச் சளி: காதுக்குப் பின்னாலும் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் குழந்தைகளுக்குச் சளியும் காதுவலியும் வரிசையாக வரும். காதுவலி பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாகவே அடங்கிவிடும். அந்தப் பழக்கத்தால்தான் அடங்காத வலியையும் அசட்டையாக விட்டுவிடுகிறோம். மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சின்னக் குழந்தைகளுக்குக் குட்டை. கிட்டத்தட்டக் கிடைமட்டமாகவும் இருக்கும். சளியிலுள்ள கிருமி அதன் வழியே எளிதில் நடுக்காதை எட்டிவிடும். அங்கிருந்து, காதுக்குப் பின்னே தடவினால் கையில் தட்டுப்படும் மாஸ்டாய்டு எலும்பின் காற்றறைகளுக்கு வழி திறந்தே கிடக்கிறது. அங்கே தேங்கும் சீழ் எலும்பை அரிக்கத் தொடங்கும்; இதுதான் மாஸ்டாய்டு அழற்சி. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களிடம் இது அதிகம். வலிக்கும் இடத்தைச் சொல்லத் தெரியாத வயது அது. எனவே சளி, காய்ச்சல் உள்ள குழந்தைக்குத் தலை துவட்டும்போதெல்லாம் இரண்டு காதின் பின்புறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சிவந்து வீங்கியிருந்தால், தொட்டதும் குழந்தை வீறிட்டால், காதுமடல் வெளியே தள்ளி நின்றால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்; இரவானாலும் காத்திருக்க வேண்டாம்.

‘காதுவலி என்று குழந்தை சொல்லவே இல்லையே’ என்பது ஆறுதல் அல்ல. பிரிட்டனில் 2009இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், இந்நோய் கண்ட குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் அதற்கு முன் நடுக்காது அழற்சி பதிவாகியிருந்தது. ‘அப்படியானால் எல்லாக் காதுவலிக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்துவிடலாமே’ என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரு குழந்தைக்கு மாஸ்டாய்டு அழற்சி வராமல் தடுக்க 4,831 காதுவலிகளுக்கு அந்த மருந்தைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அதே ஆய்வு கணக்கிட்டது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி அரைகுறையாகக் கொடுப்பது இன்னும் ஆபத்து: காய்ச்சல் தணிந்ததுபோல் தெரியும், எலும்புக்குள் சீழ் தொடரும். காய்ச்சிய எண்ணெயையும் காதில் விடாதீர்கள்.

பூச்சிக்கடியும் நெறிக்கட்டியும்கூட இப்படி வீங்கலாம். செவிப்பறையைப் பார்த்துப் பிரித்தறிவது காது மூக்கு தொண்டை மருத்துவரின் வேலை. இந்நோய்தான் என்றால் உள்நோயாளியாகச் சேர்த்து நரம்பு வழியே ஆன்டிபயாடிக் ஏற்றுவார்கள். பலருக்குச் செவிப்பறையில் சிறு கீறலிட்டுச் சீழை வடிப்பார்கள். இரண்டு நாளில் தேறாவிட்டாலோ, கட்டி திரண்டாலோ அறுவை சிகிச்சை தேவைப்படலாம். சிடி ஸ்கேனின் கதிர்வீச்சுக்குப் பெற்றோர் அஞ்சுவது புரிகிறது. எல்லோருக்கும் அது எடுப்பதில்லை. ஆனால் ஓயாத வாந்தி, மயக்கம், முகக்கோணல் இருந்தால் தயங்காதீர்கள். மூளையுறைக்கோ ரத்தநாளத்துக்கோ தொற்று பரவியிருக்கலாம். இந்நோயை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றுக்கு எதிராக ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் இலவசமாகப் போடப்படும் நிமோகாக்கல் தடுப்பூசி விடுபட்டிருந்தால் இப்போதே கேளுங்கள். குணமாகி வீடு திரும்பிய குழந்தைக்குச் சில வாரங்களில் கேட்கும் திறன் பரிசோதனையும் செய்யுங்கள்.