மைசூர் வீட்டில் தன்னிறைவு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வீட்டுத் தன்னிறைவில் மூன்று வேலைகள் அடக்கம்: காய்கறி விளைவிப்பது, கோழி வளர்ப்பது, தானியத்தையும் பருப்பையும் கெடாமல் வைத்திருப்பது. மைசூர் இம்மூன்றுக்கும் ஏற்ற ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரம். ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. செடியை வாட்டும் கடுவெயில் சில வாரங்கள்தான். உணவைக் கெடாமல் காப்பது பற்றிய ஆராய்ச்சியும் இங்கே வேரூன்றியது. மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950இல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கப்பட்டது. 1961இல் ராணுவத்துக்கான உணவு ஆராய்ச்சிக்கூடமும் வந்தது. இருந்தும், தோட்டம் போடும் வீடுகளில் சில தவறான நம்பிக்கைகள் நிலைத்திருக்கின்றன.

நம்பிக்கை: ஒரு மனை இடம் இருந்தால் குடும்பச் சாப்பாட்டை அதிலேயே விளைவித்துவிடலாம்.

மைசூரில் வழக்கமான மனை முப்பதுக்கு நாற்பது அடி, அதாவது சுமார் 111 சதுர மீட்டர். வீடே கட்டாமல் முழு இடத்திலும் கேழ்வரகு விதைத்ததாக வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 2 டன் என்ற நல்ல விளைச்சலிலும் கிடைப்பது 22 கிலோ. நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் தானியம் என்றால் அது மூன்று வாரம்கூட வராது. நெல்லுக்கும் கணக்கு பெரிதாக மாறாது.

கீரையின் கணக்கு வேறு. தண்டுக்கீரையும் சிறுகீரையும் விதைத்த 25 முதல் 30 நாளில் பறிப்புக்கு வரும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். கறிவேப்பிலை, முருங்கை, கத்தரி, மிளகாய், பாகல், அவரை எல்லாம் சிறு இடத்தில் வீட்டுத் தேவையில் பெரும்பகுதியைத் தரும். கடையில் வாங்கினால் சீக்கிரம் வாடிப்போவதும் இவைதான். ஆகவே நகரத்து வீடு கீரையையும் காயையும் விளைவிக்க வேண்டும். தானியத்தை வாங்கிச் சேமிக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிப் போடுகிறவர்கள் முதல் ஆண்டிலேயே சோர்ந்துபோகிறார்கள்.

நம்பிக்கை: கான்கிரீட் மாடி எவ்வளவு மண்ணையும் தாங்கும்.

ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு, அதன் சொந்த எடை போக, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் சுமை என்றே பொதுவாகக் கணக்கிட்டுக் கட்டுகிறார்கள். ஒரு அடி ஆழத்துக்குப் பரப்பிய ஈரமண் சதுர மீட்டருக்கு 450 கிலோவைத் தாண்டும். பாத்தி கட்டாமல் தனித்தனிப் பைகளில், தென்னைநார்க் கழிவும் மட்கிய எருவும் கூடுதலாகக் கலந்து வளர்ப்பதும், கனமான தொட்டிகளைச் சுவரும் உத்தரமும் உள்ள ஓரங்களில் வைப்பதும் இதனால்தான்.

நம்பிக்கை: மழைநீரைப் பிடித்துவிட்டால் கோடைக்குக் கவலை இல்லை.

100 சதுர மீட்டர் கூரையில் ஆண்டு முழுவதும் விழும் மழையில், சேதாரம் போகச் சுமார் 64,000 லிட்டர் பிடிக்கலாம். ஆனால் மழையில் பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். 20 சதுர மீட்டர் மாடித்தோட்டம் கோடையில் நாளொன்றுக்கு 80 லிட்டர் கேட்கும் என்றால், 1,000 லிட்டர் தொட்டி இரண்டு வாரத்துக்குள் காலி. பெய்யும் மழையைவிடத் தொட்டியின் கொள்ளளவுதான் கோடையை முடிவு செய்கிறது.

நம்பிக்கை: நாட்டுக்கோழிக்குச் செலவும் இல்லை, நோயும் இல்லை, மிச்சம் மீதி போட்டால் முட்டை தரும்.

வளர்ந்த கோழிக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் தீனி வேண்டும். மேயத் தோட்டமும் குப்பைமேடும் இருந்தால் அதில் ஒரு பங்கு தானாகக் கிடைக்கும். சிமென்ட் முற்றத்தில் புழுவும் பூச்சியும் கிடையாது. சோற்றுப் பருக்கையில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. ஓடு மெலிந்து, தொட்டால் நசுங்கும் முட்டை வந்தால் கிளிஞ்சல் தூள் வைக்க வேண்டிய நேரம் அது. நாட்டுக்கோழி ஆண்டுக்குச் சுமார் 60 முதல் 80 முட்டை இடும். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய கிரிராஜா போன்ற ரகங்கள் அதைவிடக் கூடுதலாக இடும். ஆனால் அவை பெரும்பாலும் அடைகாப்பதில்லை. குஞ்சு வேண்டுமென்றால் ஒரு நாட்டுப் பெட்டையும் கூட இருக்க வேண்டும். முட்டைக்குச் சேவல் தேவையில்லை; குஞ்சு பொரிக்கத்தான் தேவை. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டையில் சத்து அதிகம் என்பதற்கு அடிப்படை இல்லை.

நோய் விஷயத்தில் அலட்சியம் கூடாது. வெள்ளைக்கழிச்சல் ஒரு கூட்டில் நுழைந்தால் சில நாளில் கூடே காலியாகிவிடும். குஞ்சிலேயே தடுப்பு மருந்து போடுவது ஒன்றே வழி. 2020 மார்ச்சில் மைசூரின் கும்பாரகொப்பலில் பறவைக்காய்ச்சல் உறுதியானபோது, சுற்றுவட்டாரத்தில் வீடுகளில் வளர்த்த பறவைகளையும் சேர்த்தே அழித்தார்கள்.

நம்பிக்கை: வேப்பிலை போட்டால் அரிசியில் வண்டு வராது.

காய்ந்த வேப்பிலை வெளியிலிருந்து வரும் பூச்சியை ஓரளவு விலக்கும். ஆனால் அரிசி வண்டு தானியத்தைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, வாயை அடைத்துவிடுகிறது. வாங்கி வரும்போதே முட்டை உள்ளே இருக்கிறது. மேலே கிடக்கும் இலை அதை எட்டாது. பச்சை இலையாகப் போட்டால் ஈரம் கூடி, நன்மைக்குப் பதில் கெடுதலே சேரும்.

இதற்கான விடை பழைய மைசூர் கிராமங்களிலேயே இருந்தது. கேழ்வரகை அங்கே ஹகேவு எனப்படும் நிலத்தடிக் குழிகளில் கொட்டி, வைக்கோல் பரப்பி, வாயை மண்ணால் மூடிப் பல ஆண்டுகள் காத்தார்கள். தானியமும் அதிலுள்ள பூச்சியும் மூச்சுவிடுவதால் மூடிய குழியில் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு நிறைகிறது, பூச்சி செத்துப்போகிறது. திறந்த குழியில் ஆள் உடனே இறங்குவது உயிருக்கே ஆபத்து என்பதற்கும் காரணம் அதே வாயுதான். கேழ்வரகுமணி மிகச் சிறியது என்பதும் பூச்சிக்குத் தடை. அரிசியைக் குழியில் கொட்டினால் இதே பலன் வரும் என்று நினைக்கக் கூடாது.

வீட்டு அடுக்களையில் இந்த வேலையைக் காற்றுப்புகாத டப்பா செய்யும், இரண்டு நிபந்தனைகளோடு. முதலாவது, தானியம் காய்ந்திருக்க வேண்டும். உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஒரு கைப்பிடி தானியத்தையும் கொஞ்சம் உலர்ந்த தூள் உப்பையும் போட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் போதும். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டியிருந்தால் தானியத்தில் ஈரம் சுமார் 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. இன்னும் காயவைக்க வேண்டும். இரண்டாவது, டப்பா நிரம்பியிருக்க வேண்டும். பாதி காலியாக, தினம் திறந்து மூடும் பெரிய டின்னில் காற்று தீருவதே இல்லை. 25 கிலோ மூட்டையை ஐந்து டப்பாக்களில் வாய்வரை நிரப்பி, ஒவ்வொன்றாகத் திறப்பதே சரி. முழுத் துவரையைவிட, செம்மண் கட்டிக் காயவைத்து உடைத்த பருப்பு நீடித்திருக்கும். பயறு வண்டு முட்டையிடுவது பெரும்பாலும் முழுப்பயறின் மேல்தான். போரிக் தூளைப் பருப்பில் கலப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். கழுவினால் முழுவதும் போகும் என்று நம்ப இடமில்லை.

நம்பிக்கை: கொதிக்கவைத்துப் புட்டியில் அடைத்தால் எந்தக் காயும் ஆண்டு முழுவதும் இருக்கும்.

இருப்பதிலேயே ஆபத்தானது இந்த நம்பிக்கைதான். பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் கொடிய நச்சை உண்டாக்கும் நுண்ணுயிரின் விதை நிலை கொதிநீரில் சாகாது. மைசூரின் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. அந்த விதைகளை அழிக்க ஆலைகள் அழுத்தத்தில் 121 டிகிரி வரை சூடேற்றுகின்றன. காற்றில்லாத புட்டியில் தண்ணீரோடு அடைத்த பீன்ஸும் பட்டாணியும் பார்க்கவும் முகரவும் நன்றாகவே இருந்து நஞ்சாக முடியும். மாங்காயும் எலுமிச்சையும் போட்ட ஊறுகாய் நிற்பது புளிப்பாலும் தாராளமான உப்பாலும். மற்றக் காய்களுக்கு வற்றலே பாதுகாப்பான வழி: கொத்தவரை, சுண்டைக்காய், பாகல், மோர் மிளகாய்.

நம்பிக்கை: சேமிப்பு இருந்தால் எந்தப் பஞ்சத்தையும் தனியே கடந்துவிடலாம்.

தானியக்குழி வழக்கத்திலிருந்த நாடே 1876-78 பஞ்சத்தில் நிலைகுலைந்தது. மைசூர் சமஸ்தானத்தின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் சுமார் 50.5 லட்சம், 1881இல் 41.8 லட்சம். வீட்டுச் சேமிப்பு ஒரு வெள்ளத்தையோ ஊரடங்கையோ வேலை போன ஒரு மாதத்தையோ தாங்கும். ஆண்டுக்கணக்கான பஞ்சத்துக்கு அரசுக் கிடங்கும் ரேஷன் கடையும் வேண்டும். சாதாரண வீட்டுக்கு இரண்டு மாதத் தானியம், பருப்பு, எண்ணெய், உப்பு, குடிநீர்ப் பாத்திரங்கள் போதும். வாங்கிய தேதியை டப்பாவில் எழுதி, பழையதை முதலில் எடுத்து, புதியதைப் பின்னால் வைக்க வேண்டும். தீட்டாத அரிசியும் அரைத்த மாவும் சீக்கிரமே எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும் என்பதால் அவற்றை இந்த இருப்பில் சேர்க்காமல், தேவைக்கேற்ப அவ்வப்போது வாங்குவது நல்லது.