இடைவெளி விட்டுப் படித்தால் மனத்தில் நிலைப்பது ஏன்?

மாம்பழக் காலத்தில் சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் கனிந்த பழம் உள்ள இடமெல்லாம் சிறு ஈக்கள் மொய்ப்பதைக் காணலாம். டிரோசோபிலா எனப்படும் இந்த ஈயின் நீளம் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர். தோப்பில் காயைத் துளைத்து முட்டையிட்டு விளைச்சலைக் கெடுக்கும் பழ ஈ வேறு. அது உருவில் பெரியது. அழுகத் தொடங்கிய பழத்தை நாடி வரும் இச்சிறிய இனம், நினைவு எவ்வாறு உருவாகிறது என்னும் கேள்விக்கு விடை காண அறிவியலாளருக்குப் பெரிதும் துணை புரிந்துள்ளது.

ஈயைத் தேர்ந்தது ஏன்?

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. இந்த ஈயின் மூளையிலோ ஏறத்தாழ 1,40,000 மட்டுமே. முட்டை சுமார் பத்து நாட்களில் முழு ஈயாகிவிடுவதால், பல தலைமுறைகளைக் குறுகிய காலத்தில் ஆராயலாம். மேலும், மனித நோய்களோடு தொடர்புடைய மரபணுக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு ஒத்தவை ஈயிடமும் உள்ளன.

மறக்கும் ஈ

ஒரு மணத்தை நுகரச் செய்து, உடன் மெல்லிய மின்னதிர்ச்சி தந்தால், ஈ பின்னர் அம்மணத்தை விட்டு விலகும். 1976-இல் அமெரிக்காவில் சீமோர் பென்சரின் ஆய்வுக்கூடத்தினர், இப்பாடத்தைக் கற்க இயலாத ஈ வகை ஒன்றை அறிவித்தனர். மணத்தை நுகர அதனால் முடிந்தது. ஆயினும் பாடம் பதியவில்லை. அதில் பழுதுற்றிருந்தது ஒரே மரபணு. உயிரணுவுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்னும் பொருளின் அளவைக் கட்டுப்படுத்துவது அம்மரபணுவே என்பது பிற்பாடு தெரிந்தது. அதே பொருள் நம் உயிரணுக்களிலும் பணிபுரிகிறது.

இந்தியாவின் பங்கு

நம் நாட்டில் இத்துறைக்கு வித்திட்டவர் ஒபைத் சித்திக்கி (1932–2013). மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் அவரும் அவருடைய மாணவி வெரோனிகா ரொட்ரிகஸும் ஈயின் சுவை, மண உணர்வுகளை ஆராய்ந்தனர். சித்திக்கி பின்னர் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் நிறுவன இயக்குநரானார். அம்மையத்தினரும் பங்கேற்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஈக்கள் நான்கு நாட்கள் ஒரே மணத்தில் வைக்கப்பட்டன. அவை அம்மணத்தைப் பொருட்படுத்தாமல் விட்டன. மூளையின் மண மையத்தில், செய்தியைத் தடுத்து அடக்கும் நரம்பணுக்களின் செயல் வலுப்பெற்றதே காரணம். மணத்தை நீக்கிய சில நாட்களில் பழைய உணர்வு மீண்டது. அனுபவத்திற்கேற்ப நரம்பிணைப்புகள் மாறி அமையும் இவ்வியல்பே நரம்பு நெகிழ்திறன்.

ஓய்வு தரும் பலன்

1994-இல் டிம் டல்லி குழுவினர் வெளியிட்ட சோதனை நமக்கு நேரடியாகப் பயன்படுவது. ஒரு பிரிவு ஈக்களுக்குப் பத்துப் பயிற்சிகள் இடைவிடாமல் அளிக்கப்பட்டன. மற்றொரு பிரிவுக்கு, அதே பத்துப் பயிற்சிகள் பதினைந்து நிமிட ஓய்வுடன் அளிக்கப்பட்டன. முதற்பிரிவின் நினைவு சில நாட்களில் தேய்ந்தது. இரண்டாம் பிரிவினது ஒரு வாரத்திற்குப் பின்னரும் நிலைத்தது. நீடித்த நினைவுக்கு நரம்பணுக்கள் புதிய புரதங்களை உருவாக்க வேண்டும்; அதற்கு இடைவெளியுடன் கூடிய பயிற்சி தேவைப்பட்டது. தொடர் வைப்பில் தவணைகளுக்கு இடைப்பட்ட காலத்திலும் வட்டி சேர்வதை இதற்கு ஒப்பிடலாம்.

ஈக்குப் பொருந்துவது அனைத்தும் மனிதருக்குப் பொருந்தும் எனக் கொள்ளலாகாது. ஆயினும் இடைவெளியின் பயனை, ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885-இலேயே தம் நினைவைக் கொண்டே சோதித்துக் கண்டார். பின்வந்த ஆய்வுகளும் அதனை உறுதிப்படுத்தின.

கல்விக் கடன் பெற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்கள் இதனைக் கருத்திற்கொள்ளலாம். தேர்வுக்கு முந்தைய இரவில் ஐந்து மணி நேரம் படிப்பதைக் காட்டிலும், அதே நேரத்தை ஐந்து நாட்களுக்குப் பகிர்ந்து, முன்னர்ப் படித்ததை நூலைப் பாராமல் நினைவுகூர்ந்து, பின்னர்ச் சரிபார்ப்பது நலம். படிக்கும் பிள்ளை சற்றே எழுந்து உலாவினால் அதனை வீண்பொழுதெனக் கடிந்துகொள்ள வேண்டுவதில்லை.